வெல்டா ப்ரூயிட்டின் காலித் துப்பாக்கி

வெல்டா ப்ரூயிட்டின் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது.

எங்கள் ஊர் கிம்ப்ரோவில் எதைப் பற்றியும் பேச்சு கிளம்பும். போதகர் ரகசியமாக பீர் குடிக்கிறார் என்று கிளம்பியது. ஒரு வாரம் ஜெபித்துவிட்டு விட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்துக் கால்பந்துக் கோச்சின் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை என்று கிளம்பியது. உண்மை என்று தெரிந்த பிறகும் அவருக்கு மரியாதை குறையவில்லை. இது அப்படிப்பட்ட பேச்சு இல்லை. வெல்டா எங்கள் பாப்டிஸ்ட் சபையின் பாதுகாப்புக் குழுவில் இருப்பவர். வேறு ஏதோ மாநிலத்தில் எவனோ ஆராதனைக்குள் புகுந்து சுட்ட செய்தி வந்த பிறகு ஏற்பட்ட குழு அது. ஞாயிறுதோறும் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில், கம்பளிச் சட்டைக்குள் வலது இடுப்பு கொஞ்சம் புடைத்திருக்க, வெல்டா உட்கார்ந்திருப்பார். நாங்கள் கண்ணை மூடுவது கர்த்தரை நம்பித்தான். ஆனாலும் ஒருத்தர் கண்ணைத் திறந்துகொண்டிருந்தால் ஜெபம் நன்றாக வருகிறது.

பேச்சைக் கிளப்பியவர் ட்ரூடி மேடக்ஸ். சபையின் பெண்கள் கழிவறையில் கிளம்பிய பேச்சு. மற்ற ஊர்க்காரர்கள் கழிவறையில் குடையை மறப்பார்கள், மூக்குக் கண்ணாடியை மறப்பார்கள். எங்கள் ஊரில், உட்காரும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று இடுப்பிலிருந்து கழற்றி, காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்த துப்பாக்கியை மறப்பார்கள். வெல்டாவும் மறந்தார். அடுத்துப் போன ட்ரூடி எடுத்தார். அடுத்தவர் துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும் விஷயம்.

ஊர் வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் நான். கெளுத்தி மீன் பொரிக்கும் கடையில் ட்ரூடியைப் பிடித்தேன்.

“நீங்களே பாத்தீங்களா?”

“பாத்தேனாவா? கையில எடுத்தேன்ப்பா. தோட்டாக் கூட்டை உருவினேன், காலி. மேல இழுத்துப் பாத்தேன், உள்ளயும் காலி. ஊதினா விசில் அடிக்கும், அவ்ளோ சுத்தம்.”

“அப்புறம்?”

“பேப்பர் துண்டுல சுத்தி அவங்க கையிலயே குடுத்தேன். ‘மறந்துட்டீங்க மிஸ் வெல்டா’ன்னேன். ‘தேங்க்ஸ் கண்ணு’ன்னாங்க. முகத்துல ஈயாடல.”

“வேற யார்கிட்டயும் சொல்லலையே?”

“சே சே, நான் ஏன் சொல்றேன்? என் தங்கச்சிகிட்ட மட்டும் சொன்னேன். அதுவும் ஜெபிக்கறதுக்கு.”

எங்கள் சபையில் ஒரு விஷயத்தை ஜெபிக்கக் கொடுப்பதும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று கத்துவதும் ஒன்றுதான். கத்தினால் தொண்டை கட்டும், அவ்வளவு வித்தியாசம்.

வெறும் வம்பாக இருந்தால் மீனைத் தின்றுவிட்டு வந்திருப்பேன். ராய்ஸ் டாக்கெட் என்று ஒருவன் இருந்தான். வெல்டாவின் மகள் டானெட்டின் முன்னாள் கணவன். பக்கத்து ஊர் டயர் கடையில் வேலை. டானெட்டின் தாடையை உடைத்தவன். நெருங்கக் கூடாது என்று கோர்ட் அவனுக்கு ஒரு காகிதம் கொடுத்திருந்தது. அந்தக் காகிதத்துக்கு அவன் பயந்ததாக யாரும் சொல்லவில்லை. ‘அந்தக் கிழவி சுட்டுருவா’ என்று டயர் கடையில் அவனே சொன்னதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அவனை நிறுத்தி வைத்திருந்தது அது ஒன்றுதான். அவனுடைய பெரியப்பா மகன் கார்ல்டனோ எங்கள் பாதுகாப்புக் குழுவிலேயே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை சபையில் பேசியது திங்கட்கிழமை டயர் கடைக்குப் போய்விடும். ஆகவே வெல்டாவின் துப்பாக்கி காலியா இல்லையா என்பது, டானெட்டும் அவள் மகனும் உயிரோடு இருப்பார்களா என்ற கேள்விதான்.

முதலில், வெல்டாவுக்குத் துப்பாக்கி விற்ற எல்டனிடம் போனேன். எல்டன் நல்ல மனிதர். கடைக்கு ஒரு பெண் வந்தால் அவர் கை தானாக ரோஜா நிறக் கைப்பிடி போட்ட குட்டி ரிவால்வர் பக்கம் போகும். வெல்டாவிடமும் போயிருக்கிறது.

“பொம்பளைங்களுக்கு இதுதான் மிஸ் வெல்டா போகும். கைக்கு அடக்கம், எடையே தெரியாதுன்னு சொன்னேன்ப்பா” என்றார் எல்டன். “அதுக்கு அந்தம்மா, ‘லிப்ஸ்டிக்கூடத்தான் கைக்கு அடக்கம் எல்டன். சுட்டா எப்படி இருக்கும்?’னாங்க. கொஞ்சம் உதைக்கும்னேன். ‘உன் பொண்டாட்டி சுட்டிருக்காளா இதை?’ன்னாங்க.”

“சுட்டிருக்காங்களா?”

“ஒரு தடவை.”

வெல்டா முப்பது வருஷம் கோழித் தொழிற்சாலையில் எலும்பெடுக்கிற வரிசையில் நின்றவர். குளிரிலேயே கத்தி பிடித்து, விரல் முட்டுகள் எல்லாம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கும். பிஸ்டலின் மேல் பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். பல பிஸ்டல்களில் அந்த இழுப்பு அவர் கையால் ஆகவில்லை. எல்டன் மறுபடி ரிவால்வரைக் காட்டினார். அதில் விசை கனம். அந்த விரல் மடங்கவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வந்து, கடையில் இருந்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, கடைசியில் கொஞ்சம் பெரியதாக, கனமாக, இழுப்பதற்கு வெண்ணெய் மாதிரி இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டாராம். கனமாக இருந்தால் உதைப்பது குறையும் என்று அவராகவே கண்டுபிடித்துச் சொன்னாராம். எல்டனுக்கு அதில் இன்னமும் வருத்தம். ரோஜா நிறம் அப்படியே கிடக்கிறது.

அதை இடுப்பில் சுமப்பது இன்னொரு தொழில். எல்லாப் பாவாடைகளையும் கட்டி வைத்துவிட்டு, தடித்த பெல்ட் போட்ட கால்சட்டைக்கு மாறினார். மேல்சட்டை எல்லாவற்றையும் ஒரு அளவு பெரியதாக வாங்கினார். இடுப்பெலும்பின் மேல் கன்றிப்போன தழும்பு. பார்த்தவுடன் கட்டிப்பிடிக்கிற ஊர் இது. வெல்டாவை மட்டும் எல்லோரும் இடது பக்கமாகக் கட்டிப்பிடிக்கப் பழகிக்கொண்டோம். பேரன் கோடிகூட ஓடி வந்து இடது பக்கம் வளைந்து அணைவான், கம்பத்தைச் சுற்றிப் போகிற சைக்கிள் மாதிரி.

சுடப் பழகியது ஊருக்கு வெளியே பழைய ஜல்லிக் குழியில். விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டுகள்தான் குறி. கற்றுக்கொடுத்தவர் குழுத் தலைவர் லானி ஸ்டப்ஸ், முன்னாள் சிறைக் காவலர்.

“மொத நாள் கண்ண மூடிக்கிட்டுச் சுட்டாங்க” என்றார் லானி. “‘மிஸ் வெல்டா, கண்ணத் தொறங்க, ஜெபம் முடிஞ்சிருச்சு’ன்னேன். மொறைச்சாங்க பாரு! வருஷம் திரும்பறதுக்குள்ள தட்டு நடுவுல சட்டைப் பித்தான் மாதிரி வரிசையா வெக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

“இப்பவும் வர்றாங்களா?”

லானி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். “குளிர்காலத்துலேருந்து வரல. தோள்பட்டை வலியாம்.”

அதன் பிறகுதான் வெல்டாவின் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் ஊதாத் தோல் பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் எல்லாம் ஊதா. துப்பாக்கி இடுப்பில்தான் இருந்தது.

“ட்ரூடி வேலைதானே?”

“ஊரே சொல்லுது மிஸ் வெல்டா.”

“கார்ல்டனுக்குத் தெரியுமா?”

“தெரியல.”

“அப்ப தெரியும்.” ஒரு பட்டாணியை உரித்தார். “ராய்ஸுக்கும் தெரியும்.”

“நிஜமாவே காலியா?”

அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். சுவரில் கோடியின் பள்ளிக்கூடப் படம், முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. அதைக் கழற்றினார். பின்னால் சுவரில் ஒரு துளை, சுண்டுவிரல் போகிற அளவு.

வெளியே சுடுவது போதாது, தினமும் வீட்டில் பழக வேண்டும் என்பது லானி சொல்லிக்கொடுத்தது. தோட்டாவை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியைச் சடாரென்று உருவி, குறி வைத்து, விசையை இழுக்க வேண்டும். டிக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வெல்டாவுக்கு அதே சுவரில் தொங்கிய கேஸ் கம்பெனிக் காலண்டர்தான் குறி. அன்றைய தேதியைச் சுடுவார். குளிர்காலத்தில் ஒரு நாள். அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. தோட்டாவைப் போட்டார், இடுப்பில் மாட்டினார். அப்போது போன் வந்தது. அந்த நாட்களில் டானெட் மகனோடு அம்மா வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவனைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தவள் அங்கிருந்து கூப்பிட்டாள்: அம்மா, எங்கள் பின்னாடி வந்தது ராய்ஸோட டிரக் மாதிரி இருந்தது, இல்லையாகவும் இருக்கலாம்.

“போனை வெச்சேன்” என்றார் வெல்டா. “இன்னும் ஒரே ஒரு தடவை பழகிப் பாத்துடலாம்னு தோணுச்சு. ஒரே ஒரு தடவை. உருவினேன், இழுத்தேன்.”

“தோட்டா இருந்தது ஞாபகம் வரலையா?”

“நெனச்சுப் பாக்காம கை தானாச் செய்யணும்னுதானே பழகறோம்? நல்லாத்தான் பழகியிருந்தேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் கோடியின் அடுக்குக் கட்டில். தலைமாட்டுப் பலகையில் ஒரு துளை, தலையணையில் ஒரு துளை. தோட்டா மெத்தைக்குள் நின்றுவிட்டது. இந்த ஊர்ச் சுவர்கள் எல்லாம் அட்டைக்கு மேல் பெயிண்ட் அடித்தவை. தட்டினால் அடுத்த அறையில் ‘யாரது’ என்பார்கள்.

அவர் யாருக்கும் சொல்லவில்லை. தலையணையை எரித்தார். துளை மேல் படத்தை மாட்டினார். மீதித் தோட்டாக்களை மாடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டையில் கொட்டினார். மகளிடம், ராய்ஸுக்கு இந்த வீடு தெரியும், நீ இங்கே இருப்பது சரியில்லை என்று சொல்லி, எங்கேயோ ஒரு தோழி வீட்டுக்கு அனுப்பி வைத்தார். ‘என்னைத் தொரத்தறியாம்மா?’ என்று டானெட் அழுதிருக்கிறாள். மகளுக்கு ஆபத்து ராய்ஸிடம் இருக்கிறதா, தன் கையில் இருக்கிறதா என்று வெல்டாவுக்கே தெரியவில்லை. இந்த ஊர் என்று என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“அப்புறம் ஏன் இன்னும் மாட்டிக்கிட்டுத் திரியறீங்க?”

“மாட்டலன்னா வந்துருவானே. அவன் பயப்படறது தோட்டாவுக்கா? அதை அவன் பாத்ததே இல்ல. என் சட்டைக்குள்ள இருக்கற இந்த மேட்டுக்குத்தான். இப்ப அதுவும் போச்சு. அவ நல்லா இருக்கட்டும், ட்ரூடி.”

அந்த வாரமே லானி அறிவித்தார்: வரும் சனிக்கிழமை குழுவில் எல்லோரும் ஜல்லிக் குழிக்கு வந்து சுட்டுக் காட்ட வேண்டும். யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லோரும் வெல்டாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். கார்ல்டனும்.

வெல்டாவுக்குத் தோட்டா வேண்டும். அது தேர்தல் சமயம். தேர்தல் வந்தால், ஜெயிக்கிறவர் தடை போட்டுவிடுவாரோ என்று எங்கள் மக்கள் வெள்ளம் வரப்போகிறது மாதிரி தோட்டா வாங்கிக் குவிப்பார்கள். எல்டன் கடை அலமாரியில் தூசிதான் இருந்தது. வெல்டா நேராக ட்ரூடி வீட்டுக் கதவைத் தட்டினார். அவரைக் காரில் கொண்டுபோய் விட்டது நான்தான்.

“ட்ரூடி, ஒரு பெட்டி தோட்டா குடு. ஒன்பது மில்லிமீட்டர்.”

ட்ரூடியின் முகம் வெளுத்துப்போனது. “மிஸ் வெல்டா, நான் வந்து, ஜெபத்துக்குத்தான்…”

“ஜெபம் இருக்கட்டும்டீ. பெட்டி இருக்கா?”

“இருக்கு. இருங்க. ரெண்டா வேணும்?”

“ஒண்ணு போதும். திருப்பித் தந்துருவேன்.”

“அதெல்லாம் எதுக்கு?”

“தந்துருவேன்னு சொன்னேன்ல?”

சர்க்கரை கடன் வாங்குவது போலத்தான் நடந்தது. ட்ரூடி அதோடு ஒரு தக்காளிப் பையையும் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை ஜல்லிக் குழியில் காற்று பலமாக இருந்தது. வெல்டாவின் முறை வந்தது. கூட்டில் தோட்டா அடைக்கும்போது அவர் விரல்கள் வழுக்கின. யாரும் உதவிக்குப் போகவில்லை. நின்றார். உருவினார். சுட்டார். தட்டு கம்பத்தில் துடித்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் லானி போய்த் தட்டை எடுத்து வந்தார். நடுவில் ஒரு காப்பிக் கோப்பை அளவுக்குள் எல்லாம் அடங்கியிருந்தன.

“என்ன மிஸ் வெல்டா, தோள்பட்டை வலின்னீங்க?” என்றார் லானி, வாயெல்லாம் பல்லாக.

“உன்னைப் பாத்தா வலி வரும். தட்டைப் பாத்தா வராது.”

எல்லோரும் சிரித்தார்கள். கார்ல்டன் சிரித்துக்கொண்டே தட்டைப் போனில் படம் எடுத்தார். எடுப்பார் என்றுதான் வெல்டா வந்திருந்தார். எங்கள் வாரப் பத்திரிகையில் நான் இரண்டு வரி எழுதினேன்: வெல்டா ப்ரூயிட்டின் துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமையைப் பொறுத்தவரை அதில் பொய் கிடையாது. மீதித் தோட்டாக்களை அவர் எடுக்கவில்லை. கூட்டிலேயே விட்டு, மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பேச்சு செத்தது. ராய்ஸுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. அவன் அதை டயர் கடையில் எல்லோருக்கும் காட்டினானாம். அங்கே இருந்தவர்கள், ‘உன் மாமியார் உன்னவிடப் பெரிய ஆளுடா’ என்று கேலி செய்தார்களாம். இதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பயந்தவன் பயந்தபடியே இருப்பான் என்று நினைத்துக்கொண்டோம். நாலு பேர் சிரித்துவிட்டால் அவனுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

ஒரு புதன்கிழமை, பட்டப்பகல். டிரக்கை வாசலில் நிறுத்திவிட்டு ராய்ஸ் வெறுங்கையோடு படியேறினான். வெல்டா வலைக்கதவுக்குப் பின்னால் நின்று உருவினார். வேகமாகத்தான் உருவினார், அதை அவனே பின்னால் போலீசிடம் சொல்லியிருக்கிறான்.

“அவ எங்க?”

“போயிடு ராய்ஸ்.”

“நல்லாச் சுடறியாமே. கார்ல்டன் படம் அனுப்பினான். சுடு பாப்போம்.”

அவனுக்கு நேர் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம், ஹென்ஸ்லி குடும்பத்தின் தகர வீடு. சக்கரத்தில் கொண்டுவந்து வைத்த வீடு. முற்றத்தில் பிள்ளைகள் குதிக்கிற வலை. பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்களா, பள்ளிக்கூடத்திலா என்று வெல்டாவுக்குத் தெரியாது. சுவர் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். ஜல்லிக் குழியில் தட்டுக்குப் பின்னால் மண்மேடு இருந்தது.

“தள்ளி நில்லுடா” என்றாராம். ஹென்ஸ்லி வீடு குறிக்குப் பின்னால் வராமல் சுடுவதற்குத்தான். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானும் ஒரு பக்கம் நகர்ந்தார். அவன் வலைக்கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.

துப்பாக்கியைப் பிடுங்கினான். அதனாலேயே அடித்தான். கன்னத்து எலும்பு போனது. மகள் எங்கே என்று கேட்டான்; சொல்லவில்லை. வலது கையை மேசை மேல் வைத்து, துப்பாக்கிக் கைப்பிடியால் விரல்களைத் தட்டினான்; தட்டித் தட்டிக் கேட்டான். சொல்லவில்லை. ஹென்ஸ்லி வீட்டுப் பெண் ஜன்னலில் பார்த்து ஷெரீப் ஆபீசுக்குப் போன் செய்தார். பிள்ளைகள் காய்ச்சலென்று அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார்கள். சைரன் கேட்டதும் அவன் டிரக்கில் பறந்தான், துப்பாக்கியோடு. பிறகு மாநில எல்லை தாண்டி ஒரு லாட்ஜில் பிடித்தார்கள். துப்பாக்கி அவனிடம் இல்லை. விற்றானா, எறிந்தானா, யாருக்காவது கொடுத்தானா என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை.

மீன் கடையில் விசாரணை நடந்தது.

“ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சிருக்கணும்” என்றார் லானி.

“நான் சொன்ன ரிவால்வரா இருந்தா…” என்றார் எல்டன்.

“உருவினா சுடணும். சுடலன்னா உருவக் கூடாது” என்றார், வாழ்க்கையில் இரண்டும் செய்யாத ஒருவர்.

“மக எங்கன்னு அவங்க சொல்லலையே” என்றேன்.

“அது வேற விஷயம்” என்றார் லானி. சாஸ் புட்டியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார்.

போதகர் அடுத்த ஞாயிறு, சகோதரி வெல்டாவுக்கு நல்ல ஓய்வு தேவை என்று அறிவித்தார். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் இப்போது கார்ல்டன் உட்கார்கிறார். நன்றாகச் சுடக்கூடியவர். ஜெபம் வழக்கம்போல நன்றாக வருகிறது.

டானெட் மகனோடு திரும்பி வந்துவிட்டாள். “இப்படி ஆகும்னு தெரிஞ்சுதானே எங்கள அனுப்பின?” என்று அம்மாவின் தலையைத் தடவி அழுகிறாள். வெல்டா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. விரல்களில் கம்பி வைத்திருக்கிறார்கள். டாக்டர் மடங்காது என்கிறார்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். சூப்பை இடது கையால் குடித்துக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, “ட்ரூடிக்கு ஒரு பெட்டி தரணும்” என்றார்.

“அவங்க கேக்கலையே.”

“கேக்க மாட்டா. தரணும்னு நான்தானே சொன்னேன்.”

“எல்டன் கடையில இப்ப நெறைய வந்திருக்கு. நான் வாங்கிட்டு வந்து தரட்டா?”

“நீ தந்தா அது நீ தந்தது.”

“அப்ப வாங்க, கார்லயே போயிட்டு வந்துரலாம்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். எல்டன் கடைக்குள் போக வேண்டும், பெட்டியைக் கையில் வாங்க வேண்டும், எண்ணிப் பார்க்க வேண்டும். ட்ரூடியின் மீதித் தோட்டாக்கள் எந்த ஊரில், எவன் இடுப்பில் இருக்கின்றனவோ.

“அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார் வெல்டா. அதற்கு முந்தின வாரமும் அதைத்தான் சொன்னார் என்றாள் டானெட்.